மண்ணைக் காக்கும் பயிற்சி யாருக்கு?

மழைக்காலம் வந்துவிட்டால் தோட்டத்தில் நமக்கு ஒரே கவலைதான். பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழும். இந்தக் கவலையை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அதே மழையில் இன்னொரு நட்டமும் நடக்கிறது. குன்றின் மேலிருந்து பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு தண்ணீர் இறங்கி வருகிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் தண்ணீர் அன்று. மரத்துக்குச் சோறு போடும் மேல்மண் அதில் கரைந்து போகிறது. இந்த நட்டத்தைப் பற்றிப் பிரட்டில் யாரும் பேசுவதில்லை. செக்ரோலில் அதற்கென்று ஒரு பத்தியும் இல்லை.

இப்போது மண்ணைக் காப்பது பற்றிய பேச்சு நாடெங்கும் கேட்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 5ஆம் நாளை உலக மண் தினமாகக் கொண்டாடச் செய்திருக்கிறது. மார்ச் 22ஆம் நாள் 1993 முதற்கொண்டே உலகத் தண்ணீர் தினம். இந்த நாட்களில் பதாகை கட்டுகிறார்கள், கருத்தரங்கு நடத்துகிறார்கள், பயிற்சி வகுப்பும் வைக்கிறார்கள். இவையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்கிறோம். நாம் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பயிற்சி யாருக்கு? மண்ணில் கால் வைக்கிறவனுக்கா, காகிதத்தில் கையெழுத்து வைக்கிறவனுக்கா?

"மண் முதலாளியுடையது, நமக்கென்ன?"

இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. சிம்பாங் அம்பாட் காப்பிக் கடையிலேயே இந்தக் கேள்வியைக் காதாரக் கேட்டிருக்கிறோம். நியாயமான கேள்விதான். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் ஒரு சாண் நிலம் சொந்தமில்லாதவன் மண்ணுக்காக ஏன் கவலைப்பட வேண்டும்?

காரணம் இருக்கிறது. நூறு பங்குப் பாலில் ஏறக்குறைய அறுபது பங்கு தண்ணீரே என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் ஓடுகிறோம்? இரவில் மரம் தண்ணீரை இழப்பது குறைவு. அதனால் விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியே தண்ணீர் வெளியேறி அழுத்தம் தணிந்துவிடும், பாலும் குறையும். ஆக நமது மங்கில் விழுவது மண்ணுக்குள் தங்கிய மழைதான். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலோடு ஓடிவிட்டால், வறட்சி மாதத்தில் மரத்துக்கு எதைக் கொண்டு பால் வரும்? நிறைக்குக் கூலி வாங்குகிறவனுக்கு மண்ணின் ஈரம் சம்பளத்தின் பாதி என்று சொன்னாலும் மிகையாகாது.

கணக்கு எழுதும் தொழில் நமக்கு. ஆகவே ஒரு கணக்குச் சொல்கிறோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 22,600 காலன். மலாக்காவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 80 அங்குல மழை பெய்கிறது. அப்படியானால் ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்குப் பதினெட்டு லட்சம் காலன்! இவ்வளவு தண்ணீரும் மெல்ல இறங்கினால் அது செல்வம். வேகமாக ஓடினால் மண்ணை அரித்துக்கொண்டு போகும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மேல்மண் போய்விட்டால், போனது ஏறக்குறைய 130 டன். அதை எந்த லாரியில் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவது?

மலாக்கா மண்ணின் கதை

மலாயாவில் வாணிப முறையில் முதன்முதல் ரப்பர் பயிரானது நமது மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். ரப்பருக்கு முன்பு இந்த மாநிலத்துக் குன்றுகளில் மரவள்ளி பயிரிட்டார்கள். காட்டை வெட்டி எரிப்பது, மரவள்ளி நடுவது, சில ஆண்டுகளில் மண்ணின் சத்துப் போனதும் அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போவது, இதுவே அந்நாளைய வழக்கம். விட்டுப்போன நிலத்தில் லாலான் மண்டியது. மண்ணைச் சுரண்டித் தின்றால் என்ன மிஞ்சும் என்பதற்கு மலாக்காவுக்கு அப்போதே பாடம் கிடைத்துவிட்டது.

இந்த மாநிலத்து மண்ணும் எல்லா இடத்திலும் வளமானதன்று. மண் ஆய்வாளர்கள் ஒரு வகை மண்ணுக்கு 'மலாக்கா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பூரான் கல் நிறைந்த, மேல்மண் கொஞ்சமே உள்ள மண் அது. குழி வெட்டிய தோழர்களுக்குத் தெரியும். இரண்டு அடி போவதற்குள் சங்குலி 'ணங்' என்று கல்லில் மோதும். உள்ள கொஞ்ச மண்ணையும் மழைக்குக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது கல்தான்.

ரப்பர் வந்த பிறகும் துரைமார் அந்தப் பாடத்தைப் படித்தார்களா? இல்லை. தொடக்க காலத்தில் ஒரு புல்லும் இல்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று கருதினார்கள். நம் பாட்டிமார் வெயிலில் குனிந்து குனிந்து அந்தப் புல்லைச் சுரண்டினார்கள். தரை துடைத்த தட்டுப்போல் இருந்தது, மேல்மண் ஆற்றில் போனது, ஆறு தூர்ந்தது. பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1925ஆம் ஆண்டு அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தரையை மூடி வைக்கும் கொடிகளைப் பரப்பியது. புயேராரியா, சென்ட்ரோசீமா, கலப்போகோனியம் என்று பெயர்கள் நீளும். அவை எல்லாம் பயற்றுக் குடும்பத்துக் கொடிகளே. மழைத்துளி நேரே மண்ணில் அறையாமல் அவை இலையால் தாங்கும். வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். சரிவுகளில் சமமட்டமாகப் படி வெட்டுவதும், மண் தேங்கக் குழி வெட்டுவதும் தோட்ட வேலையில் சேர்ந்தன.

இந்த வேலைகளையெல்லாம் கையால் செய்தவர் யார்? நம்மவர்களே. ஆராய்ச்சியாளர் அறிக்கை எழுதினார். துரை உத்தரவு போட்டார். குன்றைப் படியாக்கியது தமிழ்த் தொழிலாளியின் சங்குலி. ஆனால் ஏன் இப்படி வெட்டுகிறோம், படி ஏன் மேட்டுப் பக்கமாகச் சாய வேண்டும், குழி எந்த இடத்தில் விழ வேண்டும் என்ற அறிவை அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கையை வாங்கிக்கொண்டார்கள், மூளையை வேண்டாம் என்றார்கள்.

நாம் எழுதிய கையெழுத்து

பழங்கதை போதும். நாம் பணிபுரிந்த ஒரு தோட்டத்தில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்; யார் மனத்தையும் நோகடிக்க இதை எழுதவில்லை. தவிரவும் இதில் நமக்கும் பங்குண்டு.

ரப்பரும் செம்பனையும் கலந்த தோட்டம் அது. செம்பனைத் தோட்டங்களுக்கு நாட்டின் நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020ஆம் ஆண்டு முதல் கட்டாயமாகிவிட்டது அல்லவா? அந்தச் சான்றிதழ் வேண்டுமானால் மண் பாதுகாப்பு, நீர்வளப் பாதுகாப்பு, தொழிலாளர் பயிற்சி எல்லாவற்றுக்கும் சான்று காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆகவே பயிற்சி வைத்தார்கள். எங்கே? அலுவலக மண்டபத்தில். எப்போது? பகல் பத்து மணிக்கு. யார் வந்தார்கள்? துணை நிர்வாகிகள், கிராணிகள், இரண்டு மண்டோர்கள். படம் காட்டினார்கள்; பாடம் ஆங்கிலத்தில் நடந்தது; தேநீரும் வடையும் வந்தன. பால்வெட்டுக்காரர்களும் களையெடுக்கும் பெண்களும் அப்போது காட்டில் இருந்தார்கள்.

அடுத்த வாரம் சோதனையாளர் வருவதாகச் செய்தி வந்தது. பயிற்சி பெற்றோர் பட்டியல் நீளமாக இருக்க வேண்டுமாம். காலைப் பிரட்டில் ஏட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். நாற்பது பேர் போட்டார்கள். "எதுக்குங்க கிராணியாரே?" என்று கேட்டவர்களுக்கு, "சும்மா, பயிற்சிக்குத்தான்" என்றோம். அந்த ஏட்டை எழுதிய பேனா இன்றும் நமது சட்டைப் பையில் இருக்கிறது.

இரண்டு மாதம் சென்று மறுநடவு நடந்த சரிவில் மண்குழி வெட்டினார்கள். குத்தகைக்கு வந்த ஆட்கள், ஏற இறங்க வசதியாக இருக்கும் என்று குழிகளை மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வெட்டிவிட்டுப் போனார்கள். ஒரு பெரிய மழை வந்தது. ஒரு குழி நிரம்பி அடுத்ததில் பாய்ந்தது. அதுவும் நிரம்பி அதற்கடுத்ததில் பாய்ந்தது. கடைசியில் குழிகளெல்லாம் சேர்ந்து ஒரே வாய்க்காலாகிவிட்டன. புது நிலத்து மண் அத்தனையும் ஓடையில் இறங்கியது. லயத்துப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் முழங்கால் அளவு சேறு.

மறுநாள் களையெடுக்கும் கூட்டத்து அக்காள் ஒருவர் அந்தச் சேற்றைக் காட்டி நம்மிடம் சொன்னார்: "கிராணியாரே, தண்ணி எந்தப் பக்கம் எறங்கும்னு முப்பது வருசமா இந்தக் காட்டை மிதிச்சவ நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா காட்டியிருப்பேன். நீங்க கையெழுத்து மட்டுந்தானே கேட்டீங்க?"

நமக்குப் பதில் வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுப் பயிற்சியும் மண்ணுக்கு உதவாது என்று அன்று கற்றோம்.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

மண் காக்கும் பயிற்சி புதிய சரக்கன்று. அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல் எழுந்து, உழுத நிலமே காற்றில் பறந்தது. 1935ஆம் ஆண்டு அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் மட்டும் போதாது என்று கண்டு, 1937 முதல் விவசாயிகளே பங்குகொள்ளும் மண் பாதுகாப்பு வட்டாரங்களை அமைத்தார்கள். அதிகாரி வழி சொன்னார். முடிவில் உழுகிறவனுக்கும் குரல் இருந்தது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்நாட்டு மலையகத் தேயிலைச் சரிவுகளில் கான் வெட்டி மண்ணைத் தாங்கிப் பிடித்தவர்களும் நம் இனத்தவரே.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிரிட்டு மண் கரைந்துகொண்டிருந்தது. 1954ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி, செயல்விளக்கம், பயிற்சி மூன்றுக்குமாக ஒரு நிலையம் தொடங்கினார்கள். 'செயல்விளக்கம்' என்ற அந்த நடுச்சொல்லைக் கவனியுங்கள். செய்து காட்டாத பயிற்சி பயிற்சியாகாது என்பதை அப்போதே உணர்ந்திருந்தார்கள்.

பின்னர் 1995ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுக்குப் புதிய விதிமுறையை நடைமுறைப்படுத்தியது. கிராமத்து மக்களே குழு அமைத்து, எந்த ஓடையில் தடுப்பு, எந்த மேட்டில் வரப்பு என்று திட்டமிட வழி செய்தது. செலவு செய்யும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஐந்து ரூபாய் பயிற்சிக்கு, இன்னொரு ஐந்து ரூபாய் மக்களைத் திரட்டுவதற்கு என்று பிரித்தும் வைத்தது. எல்லாக் கிராமத்திலும் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நாம் வாதிடவில்லை. ஆனால் பயிற்சி என்பது பெரிய மனிதர்கள் போடும் பிச்சையன்று, கணக்கில் எழுத வேண்டிய செலவு என்று அந்த விதி ஒப்புக்கொண்டது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

சட்டமும் பணமும் இல்லாமலில்லை

நமது நாட்டிலும் சட்டம் இருக்கிறது. குன்று நிலத்தைக் காக்கவும், மண்ணரிப்பைத் தடுக்கவும் 1960ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சிறுதோட்டக்காரர்களுக்கென 1973ஆம் ஆண்டு ரிஸ்டா அமைந்தது. பயிற்சிக்குப் பணமும் இருக்கிறது. மனிதவள மேம்பாட்டு நிதிக்கு முதலாளிமார் ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று செலுத்த வேண்டும் என்ற விதி, 2021 மார்ச் முதல் விவசாயத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு அது கட்டாயம். அந்த நிதி ஊழியர் பயிற்சிக்கென்றே உள்ளது. அதில் மண்டபத்துத் தேநீருக்கு வழி உண்டென்றால், மலைச்சரிவுப் பாடத்துக்கும் வழி உண்டு.

தண்ணீரின் அருமையை மலாக்காக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? 1991ஆம் ஆண்டு வறட்சியில் நமது அலோர் காஜா மாவட்டத்துத் துரியான் துங்கல் அணை வறண்டு, மாநிலமே வாளியும் கையுமாக லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மறுபடியும் அணை தாழ்ந்து, குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். மழை குறைந்தது ஒரு காரணம். பெய்த மழையை மண்ணில் இறக்கிக்கொள்ளும் காடும் தோட்டமும் சுருங்கி வருவதையும் நாம் கண்ணால் காண்கிறோம். நமது வட்டாரத்திலேயே ரப்பர் நின்ற குன்றுகள் நெடுஞ்சாலையாகவும், வீடமைப்புப் பகுதியாகவும், உல்லாச விடுதியாகவும் மாறிவிட்டன. மிஞ்சிய குன்றுகளாவது தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டாமா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தரையை மொட்டையாக்குவதற்குச் சுரண்டியை விட்டுவிட்டு மருந்தைக் கையில் கொடுத்த காலமும் வந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் அடித்த பெண்களின் நகமும் மூக்கும் கண்ணும் பட்ட பாட்டை நாம் அறிவோம். நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் அந்த நஞ்சு இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. கொடி மூடிய தரைக்கு மருந்தும் குறைவு, மண்ணரிப்பும் குறைவு. மண்ணைக் காப்பதும் தொழிலாளியின் உடலைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகின்றன.

நமது கோரிக்கை

முதலாவதாக, மண், நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி வேலை நேரத்தில், முழுச் சம்பளத்துடன், காட்டிலேயே நடக்க வேண்டும். அதற்கு நேரம் ஏது என்று நிர்வாகம் கேட்கும். நாம் வழி சொல்கிறோம். மழையால் பால்வெட்டு நின்றுபோகும் நாட்கள் இருக்கின்றனவே! அந்த நாட்களே பயிற்சிக்கு உகந்தவை. இடி மின்னல் ஓய்ந்ததும் சரிவுக்குப் போனால், தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே அரிக்கிறது என்பதை மண்ணே காட்டும். தொழிலாளிக்கு அன்றைய கூலி கிடைக்கும். தோட்டத்துக்கு மண் மிஞ்சும். இருவருக்கும் நட்டமில்லை.

இரண்டாவதாக, பாடம் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நமக்குத் தமிழில் வேண்டும். இன்று நம்மோடு தோளுக்குத் தோள் நின்று உழைக்கும் இந்தோனீசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கு அவரவர் மொழியில் வேண்டும். ஆளுக்கு ஆள் மாறிப்போகிறார்கள் என்பது சாக்காகாது. மாறுகிறவனுக்குப் புரியாவிட்டால் குழியும் மாறித்தான் விழும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு தோட்டத்திலும் மண், நீர்க் குழு ஒன்று வேண்டும். அதில் பால்வெட்டுக்காரர் ஒருவர், களையெடுக்கும் பெண் ஒருவர், மண்டோர் ஒருவர், கிராணி ஒருவர் இருக்க வேண்டும். மறுநடவுக்கு முன் இந்தக் குழு சரிவை நடந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். பயிற்சி ஏட்டிலும் இக்குழுவின் ஒப்பம் இல்லாமல் பெயர் ஏறக்கூடாது.

நிர்வாகத்திடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. சங்கக் கிளைகளும் கையை நீட்ட வேண்டும். 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளிகள் மாதம் சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்க முடியும் என்று காட்டினார். நிலத்துக்குச் சொந்தக்காரனாகும் துணிவு நமக்கு வந்ததென்றால், நிலத்தைக் காக்கும் அறிவு ஏன் வராது? மூன்று குச்சியைக் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டால் சமமட்டம் பார்க்கும் கருவி தயார். அரை நாளில் கற்றுவிடலாம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு குழி ஏறக்குறைய 150 காலன் தண்ணீரைப் பிடிக்கும். ஏக்கருக்கு முப்பது குழி இருந்தால் ஓர் அங்குல மழையில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே நிற்கும். இந்தக் கணக்கைச் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினால் என்ன? லயத்துக் கூரைத் தண்ணீரைத் தோம்பில் பிடிப்பதையும், வீட்டுக்குப் பின்னால் போடும் கீரைப்பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுவதையும் இன்றே தொடங்கலாம். யாருடைய உத்தரவும் தேவையில்லை.

கிராணித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கச் சொன்னால், "வகுப்பு நடக்கட்டும் ஐயா, பிறகு வாங்குகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். தனியாகச் சொல்ல அஞ்சினால் சங்கத்தோடு சேர்ந்து சொல்லுங்கள். அன்று அப்படிச் சொல்லாமல் போன குற்றம் நம்மைச் சேர்ந்தது. இனி அந்தக் குற்றம் வேண்டாம்.

மேல்மண் ஓர் அங்குலம் உண்டாக எத்தனையோ தலைமுறை பிடிக்கிறது. அது போக ஒரு மழைக்காலம் போதும். அடுத்த மழைக்கு முன்பு, தண்ணீர் இறங்கும் பக்கத்தை அறிந்த அந்த அக்காளைக் கூப்பிட்டு முன்னால் நடக்கச் சொல்லுவோம். துரையும் கிராணியும் பின்னால் நடக்கட்டும். பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும்.